சான்ட்ரோவுல பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுது, ரேக் முழுசா மாத்தித்தான் ஆகணுமா?

தாளவாடி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் தாளவாடிப் பக்கம் அரசுப் பள்ளியில வேலை பாக்கறேன். வீடு சத்தியமங்கலம். திங்கக்கிழமை காத்தால மலையேறிப் போனா வெள்ளிக்கிழமை பொழுதோட இறங்கி வருவேன். வண்டி 2009 சான்ட்ரோ, பெட்ரோல், பவர் ஸ்டீயரிங் வெச்ச மாடல். அப்பா வாங்கினது. இஞ்சின்ல ஒரு குறையும் இல்லீங்க.

ஆடி மாசக் கடைசியில இருந்து ஒரு சத்தம் வருது. காத்தால ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுக்கறப்ப ஸ்டீயரிங்கை ஒடிச்சா, முன்னாடி "ஊம்ம்ம்"னு முனகுது. கொஞ்ச தூரம் ஓடினதும் கம்மியாயிருது. அப்பறம் பார்த்தா வாசல் சிமெண்ட் தரையில, இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்துல செவப்பா ஒரு எண்ணெய்த் திட்டு. பானட்டைத் திறந்தா பவர் ஸ்டீயரிங் டப்பாவுல ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழ நிக்குது.

தாளவாடியில ஒரு மெக்கானிக் கிட்டக் காட்டினேன். டப்பாவுல ஆயில் ஊத்திட்டு, "ரேக் போச்சுங்க டீச்சர், புதுசு போடோணும், 18,000 ரூபாய் ஆகும்"னாரு. சத்தியில வேற ஒருத்தர், சத்தம் கேட்டதுமே "பம்ப் போச்சு"ன்னாரு. ரெண்டு பேருமே வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கல. ஊத்தின ஆயிலும் ஒரு வாரத்துல இறங்கிருச்சு.

போன வாரம் திம்பத்துல ஒரு வளைவுல கரும்பு லாரி ஒதுங்க இடமில்லாம நின்னுருச்சு. நான் முழுசா ஒடிச்சு ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு. ரெண்டு கையையும் போட்டு இழுத்தாத்தான் ஸ்டீயரிங் திரும்புச்சு. கூட ரெண்டு டீச்சருங்க வர்றாங்க. வளைவுல பாதியிலயே ஸ்டீயரிங் பூட்டிக்குமோன்னு பயமா இருக்குது. ரேக்கா, பம்ப்பா, எதை நம்பறது? அதுவரைக்கும் இந்த வண்டியில மலையேறலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அவிநாசி இண்டிகா

டீச்சர், அவ்வளவு செலவு பண்ணாதீங்க. ஸ்பேர் கடையில ஸ்டாப் லீக்னு சின்ன பாட்டில்ல விக்கறாங்க. ஆயிலோட கலந்து ஊத்தினாப் போதும். என்ற இண்டிகாவுக்கு ஊத்தினேன், ஒழுகறது நின்னுருச்சு.

கோபி பட்டறைக்காரர்

அம்மிணி, முதல்ல உங்க பயத்துக்கு பதில் சொல்லிடறேன். ஆயில் மொத்தமும் போனாலும் ஸ்டீயரிங் பூட்டிக்காது. உங்க கையில இருக்கற ஸ்டீயரிங்ல இருந்து ராடு, அதோட முனையில பினியன்ங்கற பல் சக்கரம், அது இடமும் வலமும் தள்ளற ரேக்குங்கற பல் வெட்டின நீளத் தண்டு, சக்கரத்தை இழுக்கற டை ராடு, சக்கரம் வரைக்கும் இரும்போட இரும்பா கோத்து வெச்சிருக்குது. ஆயில் பண்றது ஒத்தாசை மட்டும்தான். அந்த ஒத்தாசை நின்னா எல்லாப் பாரமும் கைக்கு வந்துரும். அதுவும் பவர் இல்லாத பழைய வண்டியை விட ஜாஸ்தியா வரும். ஏன்னா பவர் ரேக்குல கம்மி சுத்துல சக்கரம் திரும்பற மாதிரி பல் வெட்டியிருப்பாங்க, உள்ள கிடக்கற ஆயிலையும் நீங்களேதான் தள்ளோணும்.

நேர் ரோட்டுல இது பெருசாத் தெரியாது. நடை வேகத்துல முழுசா ஒடிக்கறப்பத்தான் தெரியும். பண்ணாரியில இருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி, அத்தனையும் அப்படி ஒடிக்கற இடம். வளைவு பாதியில கையில பாரம் ஏறினா வண்டி அகலமாப் போயி எதிர்ல வர்ற லாரிப் பக்கம் நிக்கும். அதனால ஆயில் எங்கிருந்து போகுதுன்னு கண்ணுல பாக்கற வரைக்கும் இந்த வண்டியில மலையேறாதீங்க, பஸ்ஸுல போங்க. மூணு பேரு உட்கார்ந்து வர்ற வண்டி அது.

இதோட சேர்த்து இன்னொண்ணும் சொல்லோணும். இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உருட்டி வர்றவங்க இருக்கறாங்க. இஞ்சின் நின்னா பம்ப் நிக்குது, பிரேக் மிதிக்கறதை லேசாக்கற பூஸ்டருக்கு வேக்குவமும் நின்னு போகுது. ஸ்டீயரிங் உடனே கட்டியாகும், பிரேக்கும் ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் கட்டியாயிரும். ஆயில் நல்லா இருக்கற வண்டியிலயும் அதைப் பண்ணக் கூடாது.

இப்ப ரேக்கா பம்ப்பான்னு கேட்டீங்க. எனக்கும் தெரியாது. வண்டிக்கு அடியில படுக்காம சொன்ன ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்க வழியில்ல. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். இத்தனை வருசத்துல என்ற பட்டறைக்கு "ரேக் மாத்துங்க"ன்னு வந்த வண்டிங்கள்ல எத்தனையோ வண்டி வெறும் கிளிப்போட, இல்லாட்டி ஓ ரிங்குங்கற ஒரு ரப்பர் வளையத்தோட திரும்பிப் போயிருக்குது. ஓட்டு வீட்டுல ஓடு ஒடைஞ்ச இடம் ஒண்ணு, தண்ணி சொட்டற இடம் வேறொண்ணா இருக்குமில்லீங்களா, கார்லயும் அதேதான். மேல எங்கயோ கசியற ஆயில் ஹோஸைப் புடிச்சு இறங்கி, ரேக் மேல உழுந்து, கிராஸ் மெம்பருங்கற குறுக்குச் சட்டம் வழியா ஓடி, கடைசியில தாழ்வா இருக்கற மூலையில சொட்டும். வண்டி ஓட்டத்துல காத்து வேற அதைப் பின்னாடி தள்ளிரும். இடது சக்கரத்துப் பக்கம் சொட்டுதுங்கறதுக்காக இடது பக்கம்தான் கோளாறுன்னு அர்த்தமில்ல.

ஆயில் போற தடத்தைத் தெரிஞ்சுக்கங்க. டப்பாவுல இருந்து தடிச்ச ரப்பர் ஹோஸ் வழியா பம்ப்புக்கு இறங்குது. பெல்ட்டுல சுத்தற பம்ப், அதை அழுத்தி இரும்புக் குழாயும் ரப்பரும் சேர்ந்த பிரஷர் ஹோஸ்ல தள்ளுது. அங்கிருந்து பினியன் மேல இருக்கற வால்வு, அதுல இருந்து ரேக். வேலை முடிஞ்ச ஆயில் ரிட்டன் ஹோஸ்ல மறுபடி டப்பாவுக்கு வந்துரும். ஸ்டீயரிங் நேரா இருக்கறப்ப இதுல அழுத்தம் ரொம்பக் கம்மி. முழுசா ஒடிச்சுப் புடிச்சீங்கன்னா 80 பார், சில வண்டியில அதுக்கும் மேல ஏறும். உங்க டயருக்கு அடிக்கற காத்து 30 பி.எஸ்.ஐ., அது வெறும் 2 பார் சொச்சம்தான். அதனாலதான் நிக்கற வண்டியில ஒரு சொட்டும் இல்லாம, ஒடிக்கறப்ப மட்டும் ஒழுகற லீக் இருக்குது.

உங்க முனகல் சத்தத்தை வெச்சு பம்ப் போச்சுன்னு சொல்ல முடியாது. டப்பாவுல ஆயில் இறங்கினா பம்ப் காத்தையும் சேர்த்து உறிஞ்சும், அப்ப முனகும். காத்தால ஆயில் குளுந்து கெட்டியா இருக்கும், சத்தம் ஜாஸ்தி வரும். ஓடிச் சூடானதும் கம்மியாகும். இஞ்சின் ஓடறப்ப டப்பா மூடியைத் திறந்து பாருங்க. ஆயில் நுரையா, வெளுத்த ரோஸ் நிறத்துல இருந்தா காத்து உள்ள போகுது. டப்பாவுக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கற ஹோஸ்ல கிளிப் லூசா இருந்தாலும் இப்படி ஆகும். அந்த ஹோஸ் உறிஞ்சற பக்கம், அதனால வெளிய பெருசா ஒழுகாமயே காத்தை மட்டும் இழுத்துட்டு இருக்கும். இப்படியே வருசக்கணக்கா ஓட்டினா நல்ல பம்ப்பும் உள்ள தேஞ்சு போகும்.

கீழ கிடக்கற திட்டு ஸ்டீயரிங் ஆயில்தானான்னு பாத்துக்கறது சுலபம். டப்பா இறங்குது, திட்டும் செவப்பு, அப்ப அதேதான். (ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா கியர் ஆயிலும் செவப்புதான், உங்களுது அது இல்ல.) பழசானா பழுப்பாகும், தீஞ்ச வாசம் வரும். இஞ்சின் ஆயில் கருப்பு. ரேடியேட்டர் கூலன்ட் தண்ணி மாதிரி ஓடும், இனிச்ச வாசம். ஏசி தண்ணிக்கு நிறமும் இல்ல, வழவழப்பும் இல்ல.

இனிப் பாக்கற விதம். வண்டியை பிட் (அடியில இறங்கிப் பாக்கற பள்ளம்) இருக்கற சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க. வெறும் ஜாக்கியை நம்பி ஒருத்தரும் அடியில போகக் கூடாது. இஞ்சின் ஆறினதும் பம்ப், ஹோஸ், ரேக் எல்லாத்தையும் வேஸ்ட் துணியில டீசல் தொட்டுத் துடைச்சு, மறுபடி காஞ்ச துணியில சுத்தமாத் துடைக்கோணும். பெல்ட் மேல டீசல் படவே கூடாது. அழுக்கோட வண்டியில லீக் தேடறது வீண் வேலை, பாதிப் பேரு இங்கயே தப்பு பண்றாங்க. துடைச்ச இடமெல்லாம் காஞ்சதும் முகத்துக்குப் போடற பவுடரை ஹோஸ் முனைங்க, ரேக் மேலெல்லாம் லேசாத் தூவிருங்க. கையில இருக்கறதே போதும்.

அப்பறம் ஒருத்தர் உள்ள உட்கார்ந்து இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஸ்டீயரிங்கை மெதுவா ஒரு கடைசியில இருந்து மறு கடைசிக்கு ஒடிச்சுட்டே இருக்கோணும். கடைசியில அஞ்சு செகண்டுக்கு மேல புடிச்சு வெக்கக் கூடாது, ஆயில் கொதிச்சுரும், ஆயில் கசியாம அடைச்சு நிக்கற ரப்பர் சீலும் பம்ப்பும் கெடும். இன்னொருத்தர் டார்ச் அடிச்சு முதல்ல மேல இருந்து, அப்பறம் பிட்டுல இறங்கி அடியில இருந்து பாக்கோணும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, சடை எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது. பவுடர் எங்க முதல்ல செவந்து நனையுதோ அதுதான் லீக் ஆகற இடம்.

அதுல எதுவும் தெரியலைன்னா ராத்திரி அடியில பெரிய அட்டையை விரிச்சு, நாலு சக்கரம் நின்ன இடத்தையும் சாக்பீஸ்ல குறிச்சுட்டு, காத்தால பாருங்க. சாக்பீஸ் உங்க கிட்டத்தான் இருக்குமே.

இப்ப ரேக். அதோட ரெண்டு முனையிலயும் மடிப்பு மடிப்பா கருப்பு ரப்பர் உறை இருக்கும், பெல்லோன்னு சொல்லுவோம். அதைக் கீழ்ப் பக்கம் விரல்ல அமுக்கிப் பாருங்க. உள்ள ஆயில் குலுங்கினாலோ, கிளிப்பைக் கழட்டினதும் ஆயில் கொட்டினாலோ, அப்ப ரேக் சீல் போயிருச்சு, அந்த மெக்கானிக் சொன்னதுல பாதி சரி. பாதின்னு ஏன் சொல்றேன்னா, சீல் போனதுக்கு ரேக் முழுசா மாத்தோணும்னு இல்ல. பினியன் மேல் சீல் போனா சில வண்டியில ஆயில் டிரைவர் கால் கிட்ட கார்பெட்டுக்கே வரும், அதையும் தொட்டுப் பாருங்க.

டப்பாவைத் தலைவரைக்கும் ஊத்தாதீங்க. சூடானா ஆயில் விரியும், மூடி வழியா வழிஞ்சு அதுவே லீக் மாதிரித் தெரியும். ஆறின வண்டிக்கு ஒரு கோடு, சூடான வண்டிக்கு ஒரு கோடுன்னு போட்டிருக்கும். எந்த ஆயில்னு மூடியிலயோ வண்டிப் புஸ்தகத்துலயோ இருக்கும், அதையே ஊத்துங்க. அவசரத்துக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்தறவங்களை நான் பாத்திருக்கேன். ஸ்டீயரிங் சீல் ரப்பர் பிரேக் ஆயிலுக்கு ஆகாது, ஊதி உப்பி மொத்த சீலும் போயிரும்.

அவிநாசித் தம்பிக்கு: ஸ்டாப் லீக் ரப்பரை ஊற வெச்சு உப்பச் செய்யுது. இறுகிப் போன சீலுக்குக் கொஞ்ச நாள் தாங்கும். ஒடைஞ்ச ஹோஸையோ, கீறல் விழுந்த ரேக் ராடையோ அது அடைக்காது. ஊறின ரப்பர் இளகிப் போயி அப்பறம் முன்னையும் விட ஒழுகும். சமவெளியில ஓடற உங்க வண்டிக்கு நீங்க ஊத்தினது உங்க இஷ்டம். திம்பம் ஏறற வண்டிக்கு நான் ஊத்த விடமாட்டேன்.

திருச்செங்கோடு ரிக் ஹோஸ்

நமக்கு போர்வெல் ரிக்குக்கு ஹோஸ் கிரிம்ப் பண்ற வேலை, அதாவது ஹோஸ் முனையில இரும்பு மூட்டை அழுத்திப் பூட்டறது. பட்டறை அண்ணன் சொன்னதுல ஒண்ணைச் சேர்க்கறேன், டீச்சர் கட்டாயம் படிங்க. இஞ்சின் ஓடறப்ப பிரஷர் ஹோஸைக் கையால தடவி லீக் தேடவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையில இருந்து வர்ற ஆயில் தோலைக் குத்தி உள்ள போயிரும். வெளிய பாத்தா சின்னப் புள்ளி, வலியும் மொதல்ல அவ்வளவா இருக்காது. கொஞ்ச நேரத்துல கை வீங்கும், உள்ள சதை செத்துப் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயி, "அழுத்தத்துல ஆயில் உள்ள போயிருச்சு"ன்னு சொல்லோணும், வெறும் காயம்னு டி.டி. ஊசி போட்டு அனுப்பிரக் கூடாது. எங்க ரிக்குல இருக்கற அழுத்தம் இதை விடப் பெருசு, ஆனா விரலைக் குத்தறதுக்கு கார்ல இருக்கறதே போதும். ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் பக்கத்துல காட்டுங்க, அட்டையில ஈரம் தெரியும்.

பிரஷர் ஹோஸ்தான் போச்சுன்னா கம்பெனி ஹோஸே வாங்குங்க. அது கிடைக்காத பழைய வண்டிக்கு எங்களை மாதிரி கடையில பழைய முனையை வெச்சு புது ஹோஸ் கிரிம்ப் பண்ணித் தருவோம், அழுத்தத்துக்குத் தாங்கும். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி ஹோஸ் அழுத்தத்துல லேசா விரிஞ்சு பம்ப்போட துடிப்பை வாங்கிக்கும். எங்க கம்பி ஹோஸ் விரியாது, அதனால ஸ்டீயரிங்ல ஒரு ரீங்காரம் வரலாம். ரெண்டு முனையிலயும் கிளிப் போட்டு சாதா ரப்பர் ஹோஸ் மாட்டறேன்னு எவனாவது சொன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துருங்க.

ரிட்டன் ஹோஸுக்குக் கிளிப் போதும். ஆனா ரேடியேட்டர் ஹோஸ் துண்டை வெட்டி மாட்டக் கூடாது. அந்த ரப்பர் தண்ணிக்கானது, ஆயில் பட்டா உப்பிக் கழண்டுக்கும். ஆயில் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க.

பொள்ளாச்சி ஸ்விஃப்ட்

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கோணும். என்ற ஸ்விஃப்ட்லயும் அடியில செவப்பா ஈரம் இருக்குது. பவர் ஸ்டீயரிங் டப்பா எங்க இருக்குதுன்னே கண்டுபுடிக்க முடியல.

கோபி பட்டறைக்காரர்

உங்க வண்டியில டப்பாவே கிடையாதுங்க. ஸ்விஃப்ட்ல எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், மோட்டார்தான் ஒத்தாசை பண்ணுது, ஆயில் இல்ல. செவப்புன்னா கூலன்ட்டான்னு பாருங்க. இஞ்சின் ஆறின பொறவு கூலன்ட் டப்பாவுல அளவு இறங்கியிருக்குதான்னு பாத்துட்டு வண்டியை எடுங்க. அது காலியானா இஞ்சினே போயிரும், நாள் கடத்தாதீங்க.

தாளவாடி டீச்சர்

பட்டறை அண்ணா, ரிக் ஹோஸ் அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. இந்த வாரம் பஸ்ஸுலதான் போயிட்டு வந்தேன். சனிக்கிழமை சத்தியில பிட் இருக்கற ஒரு இடத்துக்குக் கொண்டு போனோம். துடைச்சு, பவுடர் தூவி, தம்பி உள்ள உட்கார்ந்து ஒடிச்சான், நானும் அங்க வேலை பாக்கறவரும் டார்ச் அடிச்சுப் பாத்தோம்.

பம்ப் முழுக்க ஈரமே இல்லீங்க. பிரஷர் ஹோஸுக்கு அட்டை காட்டினோம், காஞ்சே இருந்துச்சு. டப்பாவுக்குத் திரும்பி வர்ற ரிட்டன் ஹோஸ் முனையில, கிளிப்புக்கு அடியில ரப்பர் வெடிச்சுப் போயி அங்கதான் பவுடர் முதல்ல செவந்துச்சு. அது இறங்கி, அண்ணா சொன்ன மாதிரியே குறுக்குச் சட்டத்து மேல ஓடி, இடது பக்கம் வந்து சொட்டுது. கண்ணால பாத்தப்பத்தான் நம்ப முடிஞ்சுது. ஹோஸும் கிளிப்பும் அன்னைக்கே மாத்திட்டாங்க, 18,000 எங்க, இது எங்க.

ஆனா அதோட முடியலீங்க. இடது பெல்லோவுல ஒரு மடிப்பு கிழிஞ்சிருக்குது. அமுக்கினா குலுங்கல. கிளிப்பைக் கழட்டிப் பாத்தப்ப உள்ள சேறும் ஆயிலும் கலந்து கருப்பா ஈரம், வழியற அளவுக்கு இல்ல. வலது பெல்லோ உள்ள சுத்தமாக் காஞ்சிருக்குது. இது மேல இருந்து ஒழுகினது கிழிசல் வழியா உள்ள போனதா, இல்ல ரேக் சீலும் போக ஆரம்பிச்சிருச்சா? மே லீவு வரைக்கும் தள்ளலாமுங்களா?

கோபி பட்டறைக்காரர்

நல்லாப் பாத்திருக்கீங்க அம்மிணி. வண்டியை வெச்சிருக்கறவங்களே டார்ச் அடிச்சுப் பாத்தா எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ரெண்டுமே இருக்கலாம். அதைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். உள்ள இருக்கற சேறை சுத்தமாத் துடைச்சு எடுத்துட்டு, கிழிஞ்ச பெல்லோவுக்குப் புதுசு போடுங்க, பெல்லோ மட்டும் தனியாக் கிடைக்கும். டை ராடு எண்டைக் கழட்டித்தான் பெல்லோ ஏத்தோணும், அதனால கழட்டறதுக்கு முன்னாடி எத்தனை மரை உள்ள இருக்குதுன்னு குறிச்சு வெக்கச் சொல்லுங்க. மாட்டினதும் வீல் அலைன்மென்ட் பாக்கோணும். ரெண்டு வாரம் கீழயே, சத்தி, கோபி பக்கம் ஓட்டிட்டு, புது பெல்லோவோட கிளிப்பைக் கழட்டிப் பாருங்க. உள்ள காஞ்சிருந்தா ஆயில் வெளிய இருந்து வந்தது. மறுபடி ஈரம் இருந்தா ரேக் சீல் கசியுது, அதுல சந்தேகம் வேண்டாம்.

பெல்லோ கிழிஞ்சதைச் சின்ன விசயமா நினைக்காதீங்க. ரேக் கெடறதே பெரும்பாலும் அங்கிருந்துதான். தாளவாடி தோட்டத்து மண் தடத்துல மழைத் தண்ணியும் மண்ணும் கிழிசல் வழியா உள்ள போகும். பளபளன்னு இருக்கற ரேக் ராடுல துரு புள்ளி விழும். ஒவ்வொரு தடவை ஒடிக்கறப்பவும் அந்தப் புள்ளி சீலைச் செதுக்கும். கொஞ்சம் காசு போகுதுன்னு கிழிஞ்ச பெல்லோவோட ஓட்டறவங்கதான் கடைசியில முழு ரேக்குக்குக் காசு குடுக்கறாங்க.

சீல்தான் போயிருக்குதுன்னா மே வரைக்கும் தள்ளாதீங்க, அரையாண்டு லீவுல வேலையை முடிச்சுருங்க. கோயமுத்தூர்ல ரேக் வேலை மட்டுமே பாக்கற பட்டறைங்க இருக்குது. ரேக்கைக் கழட்டி, சீல் கிட் மாத்திக் குடுப்பாங்க. அங்க நீங்க நேர்ல நின்னு ஒண்ணு கேளுங்க: ராடைத் துடைச்சு என் கையில குடுங்கன்னு கேளுங்க. சீல் ஓடற இடத்துல நகத்தை வெச்சு நீளவாக்குல இழுத்துப் பாருங்க. நகம் எங்கயும் மாட்டாம வழுக்கினா புது சீல் வருசக்கணக்கா நிக்கும். நகம் புள்ளியில மாட்டினா அந்த ராடு மேல எந்த சீல் போட்டாலும் நிக்காது, அப்ப ரேக் மாத்தறதுதான் ஒழுங்கு. அப்படி மாத்தினா அந்த 18,000 நியாயமான செலவு, நான் குறை சொல்லமாட்டேன். உக்கடத்துல பழைய ரேக் கிடைக்கும், விலையும் கம்மி. ஆனா அது எத்தனை வருசம் எங்க காஞ்சு கிடந்ததுன்னு தெரியாது, சீல் கிட் மாத்தாம அதை அப்படியே மாட்டாதீங்க.

ரேக்கைக் கழட்டறப்ப ஸ்டீயரிங் சுத்தாம கட்டி வெக்கோணும். ஏர்பேக் இருக்கற வண்டியில ஸ்டீயரிங்குக்குள்ள சுருள் ஒயர் இருக்கும், சும்மா சுத்தினா அறுந்துரும். உங்களுதுல ஏர்பேக் இல்லாட்டியும் நடு புடிச்சு மாட்டறதுக்கு அது நல்லது.

ஆயில் ஊத்தறதுலயும் அவசரம் கூடாது. ஹோஸ் மாத்தினப்ப காத்தை எடுத்தாங்களான்னு நீங்க எழுதல, இன்னும் முனகினா இதைப் பண்ணச் சொல்லுங்க. முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, இஞ்சின் ஓடாம, டப்பாவை நிரப்பிட்டு ஸ்டீயரிங்கை மெதுவா கடைசிக்குக் கடைசி திருப்பிட்டே இருக்கோணும். டப்பாவுல குமிழ் வரும், ஆயில் இறங்கும், மறுபடி ஊத்தோணும். குமிழ் நின்ன பொறவுதான் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, மறுபடி ஒடிச்சு, அளவு பாத்து மூடோணும். நேரா இஞ்சினைப் போட்டுட்டா காத்து ஆயிலோட நுரைச்சு உள்ள சுத்திட்டே இருக்கும், புதுசா மாத்தியும் முனகுதேன்னு ஆளுங்க பம்ப்பைத் திட்டுவாங்க.

பெல்ட்டையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. ஒழுகின ஆயில் பெல்ட்டுல பட்டிருந்தா வழுக்கும், ஒடிக்கறப்ப கீச்சுன்னு சத்தம் வரும். ஊறின பெல்ட்டைத் துடைச்சுப் பிரயோஜனமில்ல, மாத்திருங்க. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் ஆயில் வடிஞ்ச தடம் இருக்குதான்னும் பாத்துத் துடைக்கோணும். சூட்டுல அது புகையும், ரொம்ப ஆச்சுன்னா தீப் புடிச்சுக்கும்.

தாளவாடி டீச்சர்

சரிங்க அண்ணா. பெல்ட் காஞ்சுதான் இருந்துச்சு, அதை அங்கயே பாத்தோம். ஹோஸ் மாத்தினதும் இஞ்சினை ஓட்டித்தான் ஆயில் ஊத்தினாங்க, லேசா முனகல் இன்னும் இருக்குது, இப்ப அது ஏன்னு புரியுது. நாளைக்கு பெல்லோ மாத்தறப்ப நீங்க சொன்ன மாதிரி காத்தையும் எடுத்துடச் சொல்றேன். ரெண்டு வாரம் கழிச்சு கிளிப்பைக் கழட்டிப் பாத்துட்டு எழுதறேன். அதுவரைக்கும் மூணு பேரும் பஸ்ஸுதான்னு அவங்க கிட்டயும் சொல்லிட்டேன்.

ஒரு சந்தேகமுங்க. இப்ப வடிச்சு எடுத்த பழைய ஆயில் ஒரு பாட்டில்ல வீட்டுல இருக்குது, அதை என்ன பண்றது?

கோபி பட்டறைக்காரர்

மண்ணுலயோ சாக்கடையிலயோ ஊத்திராதீங்க, வாய்க்கால் பக்கம் கொண்டே போகாதீங்க. கீழ்பவானித் தண்ணியை நம்பி எத்தனை கிணறு, எத்தனை வயல் இருக்குது. எந்தப் பட்டறையிலயும் பழைய இஞ்சின் ஆயில் சேர்த்து வெக்கற பேரல் இருக்கும், நாளைக்குப் போறப்ப பாட்டிலைக் கொண்டு போயி அதுல ஊத்திட்டு வந்துருங்க.